செம்பூர் வரைக்கும் ஒரு பச்சைப் பாதை

ரோட்டில் கோடு போடுகிறவனுக்கு அந்த ரோட்டில் நடக்கிற எல்லோருமே மேலதிகாரிகள்தான். நீங்களும் ரோடு வேலை பார்த்தவரென்றால் இது தெரியாததில்லை. மும்பையில் சுனாபட்டியிலிருந்து செம்பூர் வரை சைக்கிள் பாதை போட்ட காண்டிராக்டரிடம் நான் சூப்பர்வைசர்.

காணாமல் போன கம்பங்கள்

கார்கள் உள்ளே நுழையாமலிருக்க பாதையோரம் பிளாஸ்டிக் கம்பங்கள் நட்டோம். மறுநாள் காலையில் இரண்டைக் காணோம். திரும்ப நட்டோம், திரும்பவும் காணோம். நாலாம் நாள் டீ குடிக்கப் போன கடையில் நிமிர்ந்து பார்க்கிறேன், தார்ப்பாயைத் தாங்கிக்கொண்டு நம் கம்பங்கள் நான்கும் வரிசையாக நிற்கின்றன. நான் கேட்டதற்குக் கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"அங்க சும்மாதான நின்னுச்சு அண்ணாச்சி, இங்க வந்து ஒரு வேலை பாக்குது."

சாம்பார் வாளி

தாராவியிலிருந்து தினமும் காலை சைக்கிளில் இட்லி கொண்டுபோய் செம்பூரில் விற்பவர் முருகேசன். பின்னால் இட்லிப் பாத்திரம், ஹேண்டிலில் சாம்பார் வாளி. எங்கள் வரைபடத்தில், பாதை ஒரு பஸ் ஸ்டாப்புக்கு முன்னால் நின்று, அதைத் தாண்டி மறுபடி தொடங்கியது. நானும் யோசிக்காமல் அப்படியே போட்டுவிட்டேன். பாதை முடிந்த இடத்தில் முருகேசன் ரோட்டில் இறங்கினார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்ததும் தடுமாறி விழுந்தார். சுடச்சுட சாம்பார் காலில் கொட்டியது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வரைபடத்தை இனி மாற்ற முடியாது என்று மாநகராட்சி இஞ்சினியர் மேடம் போனில் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அந்த ஸ்டாப்பில் வந்து நில்லுங்கள் என்று கெஞ்சினேன். வந்தார். சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் அதே இடத்தில் பஸ்ஸுக்கு முன்னால் தடுமாறியதைப் பார்த்தவர், பையிலிருந்து பேனாவை எடுத்தார். மாதம் முடிவதற்குள் பாதை பஸ் ஸ்டாப்பின் பின்பக்கமாகச் சுற்றிப் போனது. கால் ஆறி வந்த முதல் நாள், முருகேசன் என் முன்னால் சைக்கிளை நிறுத்தி வாளியைத் திறந்து காட்டினார்:

"பாத்தியளா அண்ணாச்சி, ஒரு சொட்டு சிந்தல."

செல்வியக்கா

தாராவியில் குடியிருந்து, செம்பூரில் மூன்று வீடுகளுக்குச் சமைக்கிறவர் செல்வியக்கா. வயது நாற்பதுக்கு மேல். பஸ்ஸுக்கு நின்று நின்றே கால் வீங்குகிறது என்று, மகளின் சைக்கிளை எடுத்துவந்து எங்கள் பாதையில் ஓட்டப் பழகினார். முதல் வாரத்தில், நாங்கள் அப்போதுதான் அடித்த பச்சைப் பெயிண்டில் சேலையோடு விழுந்தார். எழுந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மறுபடி ஏறினார்.

இரண்டு மாதம் கழித்து, தன் தெருப் பெண்கள் நான்கு பேரோடு வந்து என்னை மறித்தார். பாதை சுனாபட்டியோடு ஏன் நிற்கிறது, தாராவிக்காரர்கள் மனுஷர்கள் இல்லையா என்று ஒரு பிடி பிடித்தார். அனுமதி வந்துவிட்டது, மழைக்காலம் முடிந்ததும் அங்கேயும் வேலை தொடங்கும் என்றேன். கோபம் இறங்கி, பெடலில் காலை வைத்தபடி சொன்னார்:

"அப்போ சீக்கிரம் வாங்க தம்பி, அதுக்குள்ள இன்னும் பத்துப் பேருக்கு நான் ஓட்டக் கத்துக்குடுத்துருதேன்."

ரோட்டை ஏன் தோண்டினாய் என்று இருபது வருஷமாகத் திட்டு வாங்கியவன் நான், இன்னும் ஏன் தோண்டவில்லை என்று வாங்கியது இந்த வேலையில்தான்.