கர்னலின் பக்திக்கு ஜாமீன்

முதலில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தட்டிப் பார்ப்பார். விரல் கணுவால் இரண்டு தட்டு. குழாயோடு காதை ஒட்டிவைத்து ஒரு நிமிஷம் கேட்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "உள்ள காத்து அடைச்சிருக்கு நாடீன், சொன்னா கேக்க மாட்டேங்கறீங்க" என்று ஒரு புகார். அதற்கப்புறம்தான் கை கழுவுவார். அதற்கும் அப்புறம்தான் பதினெட்டாம் நூற்றாண்டு. முப்பத்தெட்டு வருஷம் இந்த மாவட்டத்து வீடுகளின் நிலவறைகளில் தவழ்ந்து, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர் டெல்மர் கிஸ்லர். பென்சில்வேனியாவில் ஓய்வு பெற்றவர்கள் மீன் பிடிக்கப் போவார்கள், இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு ஃப்ளோரிடா போவார்கள். இவர் எங்கள் மாவட்ட வரலாற்றுச் சங்கத்தின் வாசிப்பறைக்கு வந்தார். வந்து பதினொரு வருஷமாகிறது, இன்னும் போகவில்லை.

நான் அந்த அறையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். கேட்ட பெட்டியை எடுத்துக் கொடுப்பது, பேனாவோடு வருகிறவர்களிடமிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டு பென்சில் கொடுப்பது, சத்தம் அதிகமானால் மணியடிப்பது என் வேலை. டெல்மர் வருவதற்கு முன்னால் அந்த மணியில் தூசி படிந்திருந்தது.

அவர் தேடுவது ஒரே ஓர் ஆளை. கர்னல் ஹியூ மெக்ராடி. 1787-ல் நாட்டின் அரசியல் சட்டத்துக்குக் கை தூக்குவதற்காக எங்கள் மாவட்டத்திலிருந்து குதிரையேறி பிலடெல்பியா போனவர். ஆக, எங்களுக்கும் ஒரு தேசபிதா உண்டு. சின்ன சைஸ், ஆனால் சொந்தம். அந்த மகானுபாவர் கடவுளை நம்பினாரா, இல்லையா என்பதுதான் டெல்மரின் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்று நான் சொல்வது மரியாதைக்காக. மனிதர் முதல் நாள் படியேறும்போதே முடிவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஏறினார்.

"நம்ம ஹியூ முழங்கால் போட்டு ஜெபம் பண்ணாத நாளே கெடையாது நாடீன். அதுக்குப் பேப்பருதான் கெடைக்கணும்" என்றார்.

பேப்பர் நிறையவே கிடைத்தது. கர்னல் எழுதிய கடிதங்கள் எங்களிடம் இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன. விஷயம் மூன்றுதான்: குதிரை, விஸ்கி, உருப்படாத மைத்துனன். இந்த மூன்றுக்கும் நடுவில் கடவுள் எங்கே தலைகாட்டினாலும் டெல்மர் தன் நோட்டில் பச்சைப் பென்சிலால் ஒரு டிக் போட்டுவிடுவார். உயிலின் கடைசியில் 'நம் ஆண்டவரின் ஆண்டு 1791' என்று தேதி போட்டிருந்ததா, ஒரு டிக். மைத்துனன் நாசமாய்ப் போகக் கடவுள் கண் திறக்கட்டும் என்று சபித்திருந்தாரா, அதற்கும் ஒரு டிக். 'கடவுளே, இந்த நொண்டிக் குதிரையை என் தலையில் கட்டிவிட்டானே' என்ற வரிக்கு இரண்டு டிக். உணர்ச்சி அதிகமாம்.

"யோவ், அது ஜெபமில்ல, வயித்தெரிச்சல்" என்று இரண்டு மேசை தள்ளி ஒரு குரல் வரும்.

"வயித்தெரிச்சல்ல யாரக் கூப்புடுறாரு பாருங்க டீச்சர். உங்க கெமிஸ்ட்ரியவா கூப்புட்டாரு?"

டீச்சர் என்றால் லோரைன் பர்டி. ஊரில் பாதிப் பேருக்கு ரசாயனம் சொல்லிக்கொடுத்தவர். டெல்மரின் இரண்டு பெண்களும் அவரிடம் ஃபெயிலானவர்கள்தான். லோரைனுக்கும் கர்னல்தான் பைத்தியம். ஆனால் அவருடைய கர்னல் வேறு ஆள்: பகுத்தறிவாளர், பாதிரிகளுக்குப் பிடிகொடுக்காதவர், ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரை வியாபாரம் பார்த்தவர். கர்னல் சபைக்குப் போகாத ஞாயிறுகளை ஒன்றுவிடாமல் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். மழை பெய்த ஞாயிறுகளும், கர்னல் காய்ச்சலில் கிடந்த ஞாயிறுகளும் அதில் அடக்கம். ஒரே பெட்டியிலிருந்து ஒரே கடிதங்களை எடுத்து இரண்டு பேரும் இரண்டு கர்னல்களைச் செய்தார்கள். இறந்து இருநூறு வருஷமாகியும் அந்த மனிதரை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நிம்மதியாக இருக்க விடவில்லை.

"இயேசுங்கற பேரு எரநூத்திப் பன்னெண்டு கடுதாசில ஒரு எடத்துலகூட இல்லையே டெல்மர்?"

"மனசுல இருந்துச்சு."

"மனச எந்தப் பெட்டில வச்சிருக்காங்க? நாடீன், அந்தப் பெட்டிய கொஞ்சம் எடும்மா."

நான் மணியடிப்பேன்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்காகவே போயிருக்கும். நாட்டுக்கு இருநூற்றைம்பது வயதாகி வந்து கெடுத்தது. நீதிமன்றப் புல்தரையில் கர்னலுக்கு ஒரு கல் நடுவதாக மாவட்டம் முடிவு செய்தது. கல்லில் நாலு வரி. அந்த நாலு வரியில் 'பக்தியுள்ள கிறிஸ்தவர்' என்ற இரண்டு வார்த்தை இருக்க வேண்டும் என்றார் டெல்மர். இருக்கவே கூடாது என்றார் லோரைன். ஆதாரம் இருந்தால் போடலாம், மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை இரண்டு மணிக்குக் கூடி முடிவெடுப்போம் என்றது கமிட்டி. எங்கள் கமிட்டி எதையும் தள்ளிப் போடும். அன்றைக்கென்று தேதி குறித்துவிட்டது.

பிப்ரவரி மாதம் ஒஹாயோவிலிருந்து டெல்மருக்கு ஒரு பார்சல் வந்தது. கர்னலின் வம்சத்தில் மிச்சமிருந்த ஓர் அம்மாள், வீட்டை ஒழித்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போகும் முன் அனுப்பியது. உள்ளே ஒரு தோல் பை, அதற்குள் ஏழு ஈய வில்லைகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. கர்னல் போன பழைய பிரஸ்பிடீரியன் சபையின் முத்திரையும் வருஷமும் குத்தியிருந்தன. அந்தக் காலத்தில் திருவிருந்துக்கு, அதாவது இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் பந்திக்கு, தகுதியானவர் என்று சபை மூப்பர்கள் விசாரித்துத் தெரிந்துகொண்ட ஆளுக்கு மட்டும் கொடுத்த வில்லை அது. டெல்மர் அன்று ரேடியேட்டரைத் தட்டவில்லை, கையும் கழுவவில்லை. நேராக லோரைனின் மேசைக்குப் போய் ஏழையும் வரிசையாக வைத்தார்.

"எண்ணிப் பாருங்க டீச்சர். ஏழு தடவ பந்தில ஒக்காந்திருக்காரு நம்மாளு."

லோரைன் ஒரு வில்லையை எடுத்து உள்ளங்கையில் எடை பார்த்தார், நகத்தால் கீறினார்.  "ஈயந்தான்" என்றார் கடைசியில். "சரிய்யா, ஜெயிச்சுட்ட. எழுதிக்கோ." அப்புறம் பத்து நாள் அவர் வாசிப்பறைக்கு வரவில்லை.

அந்தப் பத்து நாளும் டெல்மரைப் பிடிக்க முடியவில்லை. வாரப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் படம் போட்டார்கள், விரித்த கையில் ஏழு வில்லையோடு. அவருடைய சபை, ஊருக்கு வெளியே பெரிய வண்டி நிறுத்தத்தோடு இருக்கிற புதுச் சபை, வில்லையின் படத்தை அச்சடித்து டி-ஷர்ட் போட்டது. குழந்தைகள் வரை போட்டுக்கொண்டு திரிந்தன. ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஆராதனையில் பேச வேண்டும் என்று போதகர் கேட்டுக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷமாக இந்த ஊர் அவரைக் கூப்பிட்டது வீடு ஜில்லிட்டபோது மட்டும்தான். காலேஜ் வாசலை மிதிக்காத மனிதர். சபையில்கூடக் கடைசி பெஞ்சுதான், நடுவில் சூடு நின்றுவிட்டால் எழுந்து ஓட வசதியாக. இப்போது மேடையேறிப் பேசு என்கிறார்கள். "வெர்னா எனக்குக் கோட்டு சூட்டு எடுத்திருக்கா நாடீன், நீலக் கலர்ல" என்று மனைவியின் பெருமையையும் சேர்த்துக்கொண்டார். எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. கேலி செய்வதை இரண்டு நாள் நிறுத்தி வைத்தேன்.

கமிட்டிக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, கர்னல் போன பழைய சபையின் மூப்பர் கூட்டக் குறிப்பேட்டைக் கேட்டார் டெல்மர். தேவையே இல்லை, எல்லாரும் ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் ஒவ்வொரு வில்லைக்கும் தேதி கண்டுபிடித்து அடிக்குறிப்புப் போட வேண்டுமாம். சும்மா இருக்கத் தெரியாத ஜாதி இது, ஆராய்ச்சி செய்கிற ஜாதி. நான் கொண்டுபோய், பழைய ஏடு பிரியாமலிருக்கப் பஞ்சு மெத்தையில் வைத்துக் கொடுத்தேன்.

அரை மணி கழித்து, "நாடீன், இத வாசிங்க" என்றார். 

வாசித்தேன். எழுத்து மணி மணியாக இருந்தது. திருவிருந்து வில்லையை மேசை முனையில் நிற்கும் மூப்பரிடம் ஒப்படைத்தவர்தான் உட்காரலாம் என்று சபை விதி எழுதியிருந்தது. வாங்கிய வில்லைகளை எண்ணிப் பெட்டியில் பூட்டி வைப்பார்களாம், அடுத்த தடவைக்கு. அதாவது பந்தியில் உட்கார்ந்தவன் கையில் வில்லை மிஞ்சாது. வீட்டுக்கு எடுத்துப் போனவன் உட்காராதவன். ஏழு வில்லை மிஞ்சினால் ஏழு தடவை உட்காராதவன். நாங்கள் மூன்று பேரும், பத்திரிகையும், டி-ஷர்ட்டும் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம்.

விரலை வைத்து அடுத்த பக்கம் காட்டினார். 'கர்னல் மெக்ராடி. விசாரித்துத் தகுதியுள்ளவராகக் கண்டு வில்லை கொடுக்கப்பட்டது. மேசைக்கு வரவில்லை. காரணம் கேட்கப்பட்டது. சொல்லவில்லை.' கிட்டத்தட்ட இதே வரி நாலு வருஷத்தில் ஏழு இடத்தில் இருந்தது. கடைசி இரண்டு தடவை காரணம் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

இப்படி ஒன்று நடந்தால் எனக்குச் சிரிப்பு வரும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வரவில்லை.

"ஏழு தடவ வீடு தேடி வந்து கேட்டு, ஏழு தடவ குடுத்திருக்காங்க" என்றார் மெதுவாக. "மனுஷன் அத வாங்கிப் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்காரு. தூக்கியும் போடல. ஏன் நாடீன்?"

"தெரியலையே டெல்மர்."

"பதினோரு வருஷமா கூடவே இருக்கேன். எனக்கே தெரியலையே."

பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு, "இந்தக் குறிப்பேட்ட வேற யாராச்சும் பாத்திருக்காங்களா?" என்றார்.

நான் அட்டையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். கடைசியாக ஒருவர் வாங்கிப் பார்த்தது 1958-ல். "மூடி வச்சிட்டீங்கன்னா இன்னும் அறுபது வருஷத்துக்கு யாரும் தொட மாட்டாங்க" என்றேன். சொன்னது நான்தான். ஊரெல்லாம் ஆதாரம் பற்றிக் கிண்டல் பேசுகிற நான்தான். அந்த நீல சூட்டு கண் முன்னால் வந்துவிட்டது, என்ன செய்ய. இந்த அறையில் வேண்டாத காகிதத்தைப் பார்க்காத மாதிரி புரட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், இரண்டு கட்சியிலும் உண்டு. ஒரு ஃபர்னஸ்காரர் செய்தால் மட்டும் வானம் இடிந்துவிடுமா?

 டெல்மர் தன் நோட்டைத் திறந்து பச்சை டிக்குகளைப் பார்த்தார், மூடினார். அவர் கைபேசி மேசையில் நடுங்கியது. எட்டிப் பார்த்தேன், போதகர். அவர் எடுக்கவில்லை.

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. பத்து நாளைக்கப்புறம் லோரைன். தோற்றவருடைய முகம் இல்லை. தோற்றாலும் பேச்சை விடாதவருடைய முகம்.

"என்னய்யா டெல்மர், கல்லுல பேரப் பொறிக்கிறதுக்கு முன்னாடியே செலையாட்டம் ஒக்காந்துட்ட? ஒரு சத்தத்தையும் காணோம்?"

டெல்மர் திரும்பிப் பார்த்தார். லோரைன் மேலங்கியைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டி, பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார். குறிப்பேட்டை இடம் மாற்றக் கூடாது என்பது விதி, சுவரில் எழுதி மாட்டியிருக்கிறது. என் கை மணிமேல்தான் இருந்தது, அடிக்கவில்லை. பஞ்சு மெத்தையோடு சேர்த்து அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இரண்டு மேசை நடந்தார். லோரைனுக்கு எதிரே இறக்கி, எழுத்து அவருக்கு நேராகத் தெரியும்படி திருப்பி வைத்து, ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, 'மேசைக்கு வரவில்லை' என்ற கடைசி வரியின் கீழே விரலை வைத்தார்.