யூரியா சாக்குக் கொடிகள்

கரும்பு பூத்துவிட்டால் எடை இறங்கிவிடும். அதற்குள் ஆலையிலிருந்து வெட்டு ஆர்டர் வருமா வராதா என்று எனக்கு அந்த வருஷம் சோறு இறங்கவில்லை. எழுபதுகளின் கடைசி அது. வில்லியனூருக்கு மேற்கே எங்கள் ஊர்.

ஆலையின் கரும்பு இன்ஸ்பெக்டர் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், ஊரே சூழ்ந்துகொள்ளும். முதலில் நட்டதற்குத்தான் முதல் வெட்டு என்பதால், ஆளாளுக்குத் தன்னுடையதுதான் தை மாசத்து நடவு என்பார்கள். அவர் யாரை நம்புவார்? அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். கூட்டத்தில் பேச எனக்கு வராது. ஐந்தாவதோடு நின்றவள், பயந்த சுபாவம் வேறு. ஆனால் எந்தக் கழனி எந்த மாசம் நட்டது என்று எனக்கு அத்துப்படி. விதைக் கரும்புக் கரணை நட்ட பெண்களில் நானும் ஒருத்தி. சொல்ல முடியாவிட்டால் காட்டிவிடலாமே?

பழைய புடவைகளைக் கிழித்தேன். தைக்குச் சிவப்பு, மாசிக்கு மஞ்சள், பங்குனிக்குக் கறுப்பு. சவுக்குக் கொம்புகளில் கட்டி, கரும்புக்கு மேலே தெரிகிற மாதிரி ஊர்க் கழனி எல்லாவற்றிலும் வரப்பு வரப்பாக நட்டேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இன்னாடி, கழனிக்கு கண்ணாலமா?" என்றார்.

தேர்தல் நேரம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. விடிந்ததும் பக்கத்துக் கழனிக்காரர் கொம்பைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னாம்மா, என்ன ஒரு வார்த்த கேக்காம சிவப்புக் கட்சியில சேத்துட்டியே?"

கறுப்பு வாய்த்தவருக்கோ, நல்லா இருக்கிற கழனியில் துக்கக் கொடியா என்று கோபம். எனக்குப் பயம்தான். ஆனாலும் உள்ளுக்குள் சிரிப்பு முட்டியது. எந்த நிறத்தை எடுத்தாலும் அது யாருக்காவது சொந்தமாக இருந்தது.

அப்புறம்தான் நிறமே வேண்டாம், உயரம் போதும் என்று பட்டது. தை நடவுக்கு முழுக் கொம்பு, மாசிக்கு ஒரு முழம் குறைச்சல், பங்குனிக்குக் கரும்புக்கு மேலே ஒரு சாண். எல்லாவற்றிலும் யூரியா சாக்குக் கிழிசல். அதில் எந்தக் கட்சியும் கொடி தைக்கவில்லை. பிடுங்கியவரே திரும்ப நட்டுக் கொடுத்தார். மாசி நடவுக்காரர் ஒருத்தர் மட்டும் தை போலத் தெரியட்டும் என்று தன் கொம்போடு துடைப்பக்கட்டையைக் கட்டி உயர்த்தியிருந்தார். ஊர் சிரித்த சிரிப்பில் அவரே அவிழ்த்துவிட்டார்.

அடுத்த முறை வந்த இன்ஸ்பெக்டரை வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகை மேலே ஏற்றினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

"ஒசந்த கொம்பெல்லாம் ஒரே வண்டிப்பாதை ஓரமா நிக்குதே," என்றார் இன்ஸ்பெக்டர். "தனித்தனியா எதுக்கு? மொத்தமா ஒரே ஆர்டரா போட்டுடலாம்."

அவரவர் கழனியை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை, நட்ட எனக்கும்கூட. அவர் இறங்கியதும் நானும் ஏறிப் பார்த்தேன். ஆமாம், பாதை நெடுக வரிசையாக, எங்களுடையது நடுவில்.

பூ வருவதற்குள் வெட்டு ஆட்கள் இறங்கிவிட்டார்கள். மழை வந்து வண்டி சேற்றில் மாட்டுமோ என்று அன்றைக்கும் வானத்தையே பார்த்து நின்றேன், பயந்துகொண்டே சிரித்தபடி.