நாலாவது வீதி

வீட்டுமனை பிளான் வரைகிறவளுக்குக் கோடு போடுவது சுலபம். அந்தக் கோட்டுக்குள் குடியிருக்கப் போகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளில் வீடு வாங்க அலைந்த உங்களுக்கு இதை நான் சொல்லியா தெரிய வேண்டும்?

வரிசை வீடு

ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டம் தாமானாக மாறியபோது பிளான் என் மேசைக்கு வந்தது. லயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்களுக்கும் அதில் வீடு உண்டு. தமிழ்நாட்டின் பழைய ஊர்களில் கோவிலை நடுவில் வைத்துச் சுற்றிச் சுற்றி வீதி போட்டார்கள். பிறகு வந்த வெள்ளைக்காரன் அங்கே சிப்பாய்களை வரிசை வீடுகளில் வைத்தான், இங்கே மலாயாவில் நம்மை லயத்தில் வைத்தான். இதையெல்லாம் படித்த மிதப்பில், அந்தத் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த லெட்சுமி அக்காவிடம், "இனிமே லயம் மாதிரி நேர் வரிசை இல்லக்கா, ரோடு அழகா வளைஞ்சு போகும்" என்றேன். அக்காவுக்கு அது ஒன்றும் பிடிக்கவில்லை.

"வளைவு கெடக்கட்டும்மா. லயத்துல ஒரு வீட்டுல அழுதா எல்லா வீட்டுக்கும் கேக்கும். இங்க கேக்குமா, அதச் சொல்லு."

முட்டி நின்ற விரல்

மாரியம்மன் கோவிலை இருந்த இடத்திலேயே விட்டிருந்தோம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. கோவில் தலைவர் முனியாண்டி அண்ணன் வந்து, பிளானில் கோவில் வாசலில் விரலை வைத்து வலமாக நகர்த்தினார். மூன்று பக்கம் ரோடு போனது. நாலாவது பக்கம் இரண்டு வீடுகள் குறுக்கே நின்றன. அதோடு அது முட்டுச்சந்து. தேர் வந்த வழியே திரும்பினால் அது வலம் ஆகுமா? இந்த வருஷத்தோடு தேரே நின்றுவிடுமோ என்று மனிதர் பதறினார். தாமான் கட்டும் முதலாளியிடம் கேட்டேன். சீனர், நல்லவர்தான், ஆனால் இரண்டு வீட்டை இழக்க முடியாது என்றுவிட்டார். அதை அப்படியே அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"எங்களுக்கு வீடு குடுத்தீங்க, ஆத்தாவுக்கு எடம் குடுத்தீங்க. அவ நடக்க வழி குடுக்கலயே, தங்கச்சி."

விலைபோகாத இரண்டு

கட்டுவதற்கு முன்பே, பிளானைக் காட்டி விற்பனை தொடங்கியது. எல்லா வீடும் போயிற்று, அந்த இரண்டைத் தவிர. ரோடு நேராக அவற்றின் வாசலில் வந்து குத்துகிறதே! தெருக்குத்து என்று நம்மவர்கள் பிளானைப் பார்த்ததுமே நழுவினார்கள். சீனர்கள் வாஸ்து பார்க்கும் தங்கள் ஆளைக் கூட்டி வந்து காட்டிவிட்டு நழுவினார்கள். விலையைக் குறைத்தும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, தமக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சீனனும் வாங்கல, தமிழனும் வாங்கல. ரெண்டையும் எடுத்துட்டு ரோடு போட்டுடுலா."

தேர் நாள்

தேர் நாலாவது வீதிக்குள் திரும்பியதும் நின்றது. பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு கார், சொந்தக்காரரைக் காணோம். இளவட்டங்கள் சேர்ந்து அதை அலாக்காகத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். தேர் சுற்றி முடித்து வாசலுக்கு வந்தபோது முனியாண்டி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"எல்லாஞ் சரி தங்கச்சி. அடுத்த பிளான்ல காடி நிக்கவும் எடம் விடும்மா."

அம்மன் கேட்டும் கிடைக்காத வீதியை, தெருக்குத்துக்குப் பயந்த இரண்டு இனத்தாருமாகச் சேர்ந்து வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.