வலி நின்ற மாதங்கள்

சண்டிலிப்பாயில் லாண்ட்மாஸ்ரர் என்ற சின்ன உழவு இயந்திரம் வைத்து ஊராரின் தோட்டங்களை உழுது கொடுக்கிறவர் சுதாகரன். ஆரையும் லேசில் நம்பமாட்டார். டீசல் வாங்கினால் முதலில் ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். கல்யாணம் பேசிய நாட்களில் பெண்வீட்டார் சொன்னதை அப்படியே எடுக்காமல், அவர்களின் ஒழுங்கையில் இருந்த கடைக்காரரிடம் போய் விசாரித்த பிறகுதான் ஓம் என்றார். அந்தப் பெண்தான் அவர் மனைவி பிரதீபா.

அப்படிப்பட்டவரிடம் மருத்துவக் காப்புறுதி பற்றிக் கதைக்க வந்தாள் உதயகலா. பக்கத்து ஊர்க்காரி, ஒரு காப்புறுதிக் கம்பனியின் முகவர்.

"அண்ணை, நீங்கள் உழைச்சால்தான் இந்த வீட்டிலை உலை கொதிக்கும். வருத்தமெண்டு படுத்தால் என்ன செய்வியள்?"

"அரசாங்க ஆஸ்பத்திரி இருக்குத்தானே. காசில்லாமல் பாக்கினம்."

"பாக்கினம்தான். ஆனா கனபேர் காத்திருக்கினம். அவசரத்துக்கு வெளியிலை போகவேண்டி வந்தால்?"

சுதாகரன் அவளைக் கூர்ந்து பார்த்தார். "வருத்தம் வராட்டில் நான் கட்டினது ஆருக்குப் போகும்?"

"அது திரும்பி வராது அண்ணை."

"அப்ப சரி. போயிட்டு வாங்கோ பிள்ளை."

அடுத்த வருசம் வெங்காயத்துக்கு நிலம் உழுதுகொண்டு நின்றபோது வலது விலாவுக்குக் கீழே குத்து எடுத்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு வரம்பிலேயே சுருண்டு படுத்துவிட்டார். அரச ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துப் பார்த்த டொக்டர், சிறுநீர்க் குழாயில் கல் இறுகி நிற்கிறது என்றார்.

"எடுக்கத்தான் வேணும். இங்கை உங்கடை முறை வரச் சில மாதம் போகும். வசதி இருந்தால் வெளியிலை கெதியாச் செய்யுங்கோ."

வீடு வரும்வரை சுதாகரன் அதையே புறுபுறுத்தார். "வெளியிலை செய்யட்டாம். உவருக்கு அங்கை பங்கு இருக்கும்."

"அவர் எந்த இடத்தின்ரை பேரும் சொல்லேல்லையே," என்றாள் பிரதீபா.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் கேட்டுப் பார்த்தார்கள். லாண்ட்மாஸ்ரரை விற்றால்தான் முடியும். விற்றால் பிறகு எதைக்கொண்டு பிழைப்பது? யோசித்துவிட்டு, சுதாகரன் தானே உதயகலாவைக் கூப்பிட்டார்.

"இப்ப சேரலாமோ?"

"சேரலாம் அண்ணை. ஏதும் வருத்தம் இருக்கோ?"

"இல்லை."

அவருடைய கை விலாவைப் பிடித்தபடி இருந்தது. உதயகலா அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். தன்னை ஒருவர் அப்படிச் சந்தேகமாகப் பார்ப்பது அவருக்குப் புதிது.

"இருக்கிற வருத்தத்தை மறைச்சுச் சேர்ந்தால், பிறகு ஆராய்ஞ்சு பாத்துப்போட்டுத் தரமாட்டினம். கட்டினதும் வீணாப்போம்."

அவள் போனபின், "பாத்தியே, தேவையெண்டு கேக்கக் கதவைச் சாத்துகினம்," என்றார் மனைவியிடம்.

கொஞ்ச நாளில் வலி தானாக நின்றது. கல் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டினார். எல்லாரும் சேர்ந்து தன்னை வெட்டிப் பிழைக்கப் பார்த்தார்கள் என்ற எண்ணம் இன்னும் இறுகியது. திரும்பவும் உழப் போனார். இன்னொருக்கால் ஸ்கான் எடுக்கச் சொல்லிப் பிரதீபா கெஞ்சியதை அவர் காதில் போடவேயில்லை. அரச ஆஸ்பத்திரியில் முறை வந்த அன்றுகூட அவள் அழுததால்தான் போனார்.

"கல் அங்கையேதான் இருக்கு," என்றார் டொக்டர். "வலி நிண்டது சுகப்பட்டதாலை இல்லை. இவ்வளவு காலமும் அடைபட்டுக் கிடந்து வலது சிறுநீரகம் செயலிழந்துபோச்சு."

"முந்தியே எடுத்திருந்தால்?" என்று கேட்டார் சுதாகரன்.

"காப்பாத்தியிருக்கலாம்."

சுதாகரன் அந்த முகத்தில் ஏதாவது கள்ளம் தெரிகிறதா என்று தேடினார். களைப்பு மட்டும்தான் தெரிந்தது. அந்த மனுசருக்கு இனிப் பொய் சொல்லி என்ன லாபம் என்று நினைத்தபோதுதான் அவருக்குப் பயம் பிடித்தது.

அந்தச் சிறுநீரகத்தை அதே ஆஸ்பத்திரியில் அகற்றினார்கள். நன்றாகப் பார்த்தார்கள். ஆனால் அந்தப் போகம் முழுக்க லாண்ட்மாஸ்ரர் கொட்டிலில் நின்றது. பிரதீபா தையல் எடுத்துச் சமாளித்தாள்.

நடமாடத் தொடங்கியதும் அவர் உதயகலாவை மறுபடி வரச்சொன்னார். பிரதீபாவையும் மகள் கோபிகாவையும் சேர்க்கலாம், அவரைச் சேர்த்தாலும் சிறுநீரகக் கோளாறுக்கு ஒன்றும் கிடைக்காது என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். அது அவருக்குக் கசந்தாலும், ஒளிக்காமல் சொன்னது பிடித்திருந்தது. அதற்காகக் கேள்வியை விடவில்லை. சேர்ந்து எவ்வளவு காலத்துக்குப் பிறகு செல்லும், எந்த வருத்தங்களை விலக்குவார்கள், பிள்ளைக்கு இப்போதே இருக்கும் மூச்சிழுப்புக்குத் தருவார்களா என்று பின்னேரம் முழுக்கக் குடைந்தார்.

கடைசிக் கேள்வியை உதயகலா குறித்துக்கொண்டாள். "கம்பனிக் கந்தோரிலை கேட்டுத்தான் சொல்லவேணும்," என்றாள்.

"கேட்டு, எழுத்திலை கொண்டு வாங்கோ பிள்ளை. அதுக்குப் பிறகு கையெழுத்து வைக்கிறம்."

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் எழுத்தோடு வந்தாள்; இழுப்புக்குத் தரமாட்டார்கள், பிள்ளையின் மற்ற வருத்தங்களுக்குத் தருவார்கள் என்று அதில் இருந்தது. சுதாகரன் அதைத் தானும் வாசித்து, பிரதீபாவையும் வாசிக்க வைத்துவிட்டுப் பேனையைக் கேட்டார்.