உவன் ஆர்?

இன்று அச்சுவேலி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து அமர்ந்தவர், நாற்பது வருடமாக ரொக் இசைப் பாட்டுகள் பாடும் எங்கள் ஊர் அண்ணை.

நல்லூரில் அவர் பாடியதை, அனுமதி கேட்காமல் கைபேசியில் பதிந்து, என் பெயரை மறைத்து இணையத்தில் ஏற்றியவன் நான். அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

கோப்பாய் தாண்டியதும் தன் இயர்போனில் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, உதைக் கேளும். ஆரோ களவாய்ப் பதிஞ்சது. நல்லாய்த்தான் பதிஞ்சிருக்கிறான்."

என் பதிவுதான். உச்சத்தில் அவர் குரல் உடைகிறது. உடனே மிகக் கிட்டத்தில் ஒருவன் சிரித்துக்கொண்டே சொல்கிறான்: "கிழவன் முடிஞ்சான்."

அது நான். ஏற்றும்போது அதைக் கவனிக்கவே இல்லை.

"உந்த இடத்தை மட்டும் நாலைஞ்சு தரம் கேட்டிட்டன்," என்றார். "உவன் ஆர், தம்பி?"

"தெரியாது அண்ணை," என்றேன், அதே குரலில்.

"ஓம்," என்று சொல்லி இயர்போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

இந்திய நண்பர்களுக்காக: எங்கள் ஊரில் எங்கோ தூரத்தில் இருப்பவன்தான் 'அவன்'. 'உவன்' என்றால், கேள்வி கேட்கப்படுபவருக்குக் கிட்ட இருப்பவன்.

பதிவை அழிக்கவா, என் பெயரைப் போட்டு மன்னிப்புக் கேட்கவா? சொல்லுங்கள். கொஞ்சம் மரியாதையாக எழுதுங்கள், அண்ணை பின்னூட்டங்களையும் வாசிக்கிறவர்.