கொளஞ்சியம்மாள் வாய் வைத்த கோப்பை

டம்ளரை நெற்றிக்கு மேலே ஒரு சாண் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, ஆவி பறக்கும் டீயை நூல் பிடித்தாற்போல் தொண்டைக்குள் இறக்குவார் கொளஞ்சியம்மாள். இடது கை அந்த நேரத்திலும் வைக்கோலைப் பிரித்துக்கொண்டிருக்கும். ரவிக்கையில் ஒரு சொட்டு விழாது. "எச்சி பண்ணிக் குடிக்கிறது எங்க வூட்டுலயே கெடையாதுங்க" என்பார்.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில், சக்கரபாணி என்பவரின் பட்டறையில், பத்தொன்பது வருடமாக வைக்கோல் வைத்துச் சரக்குக் கட்டும் வேலை. காலையில் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவார். கட்ட வரும் பீங்கான் ஃபியூஸ் கட்டை ஒவ்வொன்றையும் காதருகே வைத்து விரல் முட்டியால் தட்டுவார். கணீரென்றால் "நல்லவன்." சத்தம் செத்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கிறது, "பொய்யன்" என்று ஓரமாகப் போட்டுவிடுவார். அட்டைப்பெட்டி கொண்டுபோய்ப் போடும் என்னையும் ஒருநாள் தட்டிப் பார்த்துவிடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம் உண்டு.

இரண்டாயிரத்து ஆறில் அந்தப் பட்டறை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஃபியூஸ் கட்டையைக் கேட்பார் குறைந்துபோனார்கள். அப்போதுதான் புதுச்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். துளசி, சுக்கு, எலுமிச்சைப்புல் எல்லாம் கலந்த கிரீன் டீயைப் பொட்டலம் போட்டு விற்பவர். டீயோடு சேர்த்து விற்க மூவாயிரம் வெள்ளைக் கோப்பை வேண்டும், முதலில் மாதிரி காட்டுங்கள் என்று சொல்லி, டீத்தூளும் ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனார். சக்கரபாணி சரக்குக் கட்டும் பெண்களிடம் ஒளிக்காமல் சொன்னார்: "இது கெடைச்சா பட்டற ஓடும். இல்லன்னா பூட்டுத்தான். எட்டுப் பொம்பளைங்களும் வேற வேல பாத்துக்குங்க."

மூட்டுகளை முடக்கும் சிக்குன்குனியா காய்ச்சல் ஊரெங்கும் பரவிய வருடம் அது. பாதி ஊர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. கொளஞ்சியம்மாளும் ஆறு நாள் படுத்துக் கிடந்து, ஏழாம் நாள் முகம் வெளிறி, முழங்கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "படுத்துக் கெடந்தா இன்னும் வலிக்குதுங்க. இங்கன்னா நாலு பேரத் திட்டவாவது திட்டலாம்."

அன்றுதான் மாதிரிக் கோப்பைகள் சூளையிலிருந்து வந்திருந்தன. பளிங்கு மாதிரி இருந்தன. புதுச்சேரிக்காரரின் டீயையே போட்டு ஆளுக்கொன்று கொடுத்தார் சக்கரபாணி. எல்லோரும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டோம். துளசி மணக்கிறது என்றார் ஒருவர். தொண்டைக்கு இதம் என்றார் இன்னொருவர். நானும் பெரிய ரசிகனாட்டம் "சூப்பர்" என்றேன்.

கொளஞ்சியம்மாளால் கையைத் தூக்க முடியவில்லை. கழுத்தும் சாயவில்லை. கோப்பையைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு திருடப் போகிறவர் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வாய் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"டீ எப்படி இருக்குதும்மா கொளஞ்சி?" என்று கேட்டார் சக்கரபாணி.

"டீயி வெந்நி மாதிரிதாங்க இருக்குது, காய்ச்ச வாய்க்கு. கப்புதான் சரியில்ல."

சூளை பார்க்கும் பக்கிரிக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "காய்ச்சக்கார நாக்குக்கு எல்லாந்தான் கசக்கும். பேசாம குடி."

"நான் நாக்கச் சொல்லலண்ணே. ஒதட்டச் சொல்றேன். பிடிச்சு இழுக்குது." காய்ச்சலில் வெடித்திருந்த உதட்டைத் தொட்டுக் காட்டினார். "மொதலாளி, நீங்க ஒரு தடவ வாய் வச்சுக் குடிங்க."

சக்கரபாணி தன் ஐம்பத்தைந்து வயதில் எந்தப் பாத்திரத்திலும் வாய் வைத்ததில்லை. நெளிந்தார். எட்டுப் பெண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் உதட்டைப் பதித்தார். எடுக்கும்போது விளிம்பு உதட்டைக் கவ்விக்கொண்டுதான் விட்டது.

நடந்தது இதுதான். மெல்லிய கோப்பை நெருப்பில் வாய் கோணிவிடும். அதனால் பக்கிரி எல்லாவற்றையும் கவிழ்த்து அடுக்கியிருந்தார். கவிழ்த்தால் பூச்சு உருகி விளிம்பு சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமலிருக்க விளிம்பில் மட்டும் பளபளப்புப் பூச்சைத் துடைத்துவிட்டிருந்தார். வெள்ளை மண், வெள்ளைப் பூச்சு. கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. உதட்டுக்குத்தான் தெரியும். உதடோ அந்தப் பட்டறையில் ஒருவரும் வைக்கவில்லை. புதுச்சேரிக்காரர் முதல் வாயிலேயே கண்டுபிடித்திருப்பார். நாங்கள் சூப்பர் சூப்பர் என்று சொல்லியே பட்டறையைப் பூட்ட வைத்திருப்போம். நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பக்கிரி அரைநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தானே வந்து, "விளிம்புலயும் பூசி, நிமித்தி வச்சே சுட்டுப் பாக்குறேன்" என்றார். நாற்பது வைத்ததில் பதின்மூன்று கோணாமல் வந்தன. மறுமுறை சூட்டை மெதுவாக ஏற்றினார், முப்பத்தொன்று வந்தன. ஒவ்வொன்றின் விளிம்பையும் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார் கொளஞ்சியம்மாள். நொண்டிக்கொண்டே பார்த்தார். வழுக்கினால் "நல்லவன்", கவ்வினால் "பொய்யன்."

மூன்றாம் வாரம் புதுச்சேரிக்காரர் வந்தார். டீ போட்டுக் கொடுத்தோம். வாய் வைத்து நிதானமாக உறிஞ்சினார். விளிம்பில் உதட்டை நகர்த்தி இன்னொரு வாய். எட்டுப் பெண்களும் வைக்கோலைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "மூவாயிரம் இல்லீங்க, அஞ்சாயிரமாப் போட்டுருங்க. இந்த வாய் மாறக் கூடாது" என்றார்.

பக்கிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சக்கரபாணி புதுக் கோப்பை ஒன்றில் தன் கையாலேயே டீ ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். "நீ குடி கொளஞ்சி. ஒன் வாய் பட்ட வேல."

கொளஞ்சியம்மாள் வாங்கி முகர்ந்தார். "அட, இதுல தொளசி இருக்குதா" என்றார்.

பிறகு கையைத் தூக்கினார். முழங்கை மார்பைத் தாண்டும்போது முகம் சுளித்தது. தோளருகே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் தூக்கினார். கோப்பை நெற்றிக்கு மேலே ஒரு சாண் போனதும் தலையைச் சாய்த்து, டீயை நூலாக இறக்கினார். ரவிக்கையில் ஒரு சொட்டு விழவில்லை.