விட்டுக்கொடுத்த பரப்பு

தஞ்சாவூரில் அந்தக் கணினி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. நாகூர்க்காரி, பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். குத்தகை விவசாயிகளின் பதிவுச் சான்றை அச்சடித்துக் கொடுப்பதுதான் எங்களுக்கு வந்த முதல் பெரிய வேலை. உழுகிறவர் பெயர் பதிவாகிவிட்டால் அவரை நிலத்தைவிட்டு எளிதில் கிளப்ப முடியாது. அந்த ஒற்றைத் தாளுக்காக ஊருக்கு ஊர் சண்டை. ஆட்சி மாறினால் எங்கள் கூடத்தில் முதலமைச்சர் படம் மாறும். மனுக் கட்டுகள் வருவது மட்டும் நிற்காது.

எங்களிடம் இருந்தது லைன் பிரிண்டர். பீரோ மாதிரி இருக்கும், ஒரு முழு வரியை ஒரே அடியில் அடிக்கும். கட்டங்களும் தலைப்புகளும் அச்சகத்திலேயே தமிழில் அச்சாகி வந்துவிடும். பெயரையும் எண்களையும் அது ஆங்கில எழுத்தில் நிரப்பும். தமிழ் அதற்கு வராது. தாள் எவ்வளவு இறங்க வேண்டும் என்று சொல்லும் புரோகிராம் நான் எழுதியது. பெயரை அடி, மூன்று வரி இறங்கு, சர்வே எண்ணை அடி, இரண்டு வரி இறங்கு, பரப்பை அடி. முதல் கட்டுத் தாள்களைச் சரிபார்த்தோம். எல்லாம் அழகாக இருந்தன.

ஒருநாள் மத்தியானம் ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். புருஷன் இறந்தபின் அவர் பயிரிட்ட குத்தகை நிலத்தைத் தானே பார்த்துவந்தவர். கையில் பிளாஸ்டிக் பையில் இரண்டு சான்றுகள், ஒன்று அவருடையது, ஒன்று பக்கத்து வயல்காரருடையது.

"இதை அடிச்சவங்க யாருங்க?"

"நான்தாம்மா. என்ன வேணும்?"

இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். "எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. நம்பர் தெரியும். அவரு நிலத்தோட அளவு மேல் கட்டத்துல இருக்கு. என்னோடது கீழ் கட்டத்துல இருக்கு. கீழ என்ன போட்டிருக்குன்னு நீங்களே வாசிங்க."

"விட்டுக்கொடுத்த பரப்பு" என்று வாசித்தேன்.

"நான் எதையும் விட்டுக்கொடுக்கலைங்க. நாத்தங்கால் போடப் போனா, பண்ணைக் காரியஸ்தர் இந்தத் தாளைக் காட்டி வரப்புலயே மறிக்கிறாரு. தாலுகா ஆபீஸ்ல, கம்ப்யூட்டர் தப்பா அடிக்காதுங்கிறாங்க."

நானும் அதையே வேறு வார்த்தையில் சொன்னேன். "எழுதி வந்தது அப்படி இருந்திருக்கும்மா." இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

"அப்ப எழுதி வந்ததை எடுத்துப் பாருங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

எடுத்துப் பார்த்தேன். அவர் விவரம் சரியாகவே இருந்தது. பிறகுதான் பெயரைக் கவனித்தேன். இறந்துபோன இன்னாரின் மனைவி என்று தொடங்கிய அந்தப் பெயர் ஒரு வரிக்குள் அடங்காமல் இரண்டாவது வரிக்கு ஓடியிருந்தது. அதற்குப் பிறகும் என் புரோகிராம் மூன்று வரி, இரண்டு வரி என்று கண்ணை மூடிக்கொண்டு இறங்கியிருக்கிறது. எல்லாம் ஒரு வரி தள்ளிப்போய், பரப்பு தன் கட்டத்தைத் தாண்டி அடுத்திருந்த 'விட்டுக்கொடுத்த பரப்பு' கட்டத்தில் விழுந்துவிட்டது. அடுத்த தாள் மறுபடி தலையிலிருந்து சரியாகத் தொடங்கிவிடுவதால் யார் கண்ணிலும் படவில்லை.

பிரிண்டர் ஆபரேட்டரிடம் ஓடினேன். நாகப்பட்டினத்துக்காரர். பிரிண்டரின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, உள்ளே வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்த காகிதப் பட்டையைக் காட்டினார். பட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் தாள் நிற்கும்.

"பன்னெண்டு தடம் இருக்கு மேடம். தாளோட தலைக்கு மட்டும் ஒரு தடத்துல ஓட்டை போட்டிருக்கோம். மீதி பதினொன்னும் சும்மாதான் கிடக்கு."

படிவத்தை ஸ்கேல் வைத்து அளந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தடத்தில் ஓட்டை போட்டுப் புதுப் பட்டை செய்தார். நான் வரி எண்ணும் கட்டளைகளை நீக்கிவிட்டு, இந்தத் தடத்தின் ஓட்டை வரும்வரை ஓடு என்று மாற்றி எழுதினேன். இனி பெயர் எத்தனை வரி ஓடினாலும் பரப்பு தன் கட்டத்தில்தான் விழும்.

அதிகாரியிடம் போய் என் தவறு என்று சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"இதே மாதிரி வேற யாருக்கெல்லாம் ஆகியிருக்கு?"

இரண்டு வரிக்கு ஓடிய பெயர்களைத் தேடி எடுத்தேன். அநேகமாக எல்லோருமே புருஷனை இழந்த பெண்கள். பட்டியலை அவர் கடைசிப் பெயர்வரை படித்தார். "அத்தனையும் திரும்ப அடிங்க. தாசில்தார்களுக்கு நான் எழுதுறேன்" என்றார். கடிதத்தில் அலுவலகப் பிழை என்று மட்டும் எழுதினார், என் பெயர் இல்லை.

சாயங்காலத்துக்குள் அந்தம்மாவின் கையில் புதுத் தாளும் கடித நகலும் இருந்தன. பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

சில வாரம் கழித்து மறுபடி வந்தார், கூடவே மூன்று பெண்கள். புதுத் தாள் இன்னும் போய்ச் சேராதவர்கள். அவரே ஊர் ஊராக விசாரித்துக் கூட்டிவந்திருக்கிறார். "இவங்களும் எதையும் விட்டுக்கொடுக்கலைங்க" என்றார். உடனே அடித்துக் கொடுத்தேன்.

அவர் அன்று என்னைத் திட்டியிருக்கலாம், அழுதுவிட்டுப் போயிருக்கலாம். உட்கார்ந்து என்னைப் பார்க்க வைத்தார். அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தப் புரோகிராமையும், நீளமான பெயர்களைக் கொடுத்து ஓட்டிப் பார்க்காமல் வெளியே விட்டதில்லை. அந்தப் பழக்கம் அவர் கொடுத்தது. அந்த நன்றியை அப்போது சொல்லத் தெரியவில்லை.

"நடவு ஆச்சாம்மா?" என்று மட்டும்தான் கேட்டேன்.

"பாதி ஆச்சு தங்கச்சி. மீதி நாளைக்கு" என்று சொல்லிவிட்டு, மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.